போன் போச்சு

மார்ச் 2
காட்டு ஆஸ்பத்திரி

கோ நியோ தூன் அவர்களுக்கு,

சுகமா என்று கேட்டால், "வீட்டை விட்டுப் போனவளுக்கு என் சுகம் எதுக்கு" என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுவீர்கள். அதனால் கேட்கவில்லை. இது நம் பெண் விஷயம். முழுதாகப் படியுங்கள்.

எங்கள் குழு ஊருக்கு வந்து ஸின் மேயின் வயிற்றை ஸ்கேன் எடுத்ததே, அதைப் பெரிய டாக்டர் பார்த்துவிட்டார். குழந்தை குறுக்கே கிடக்கிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது. தானாகப் பிறக்க வழியே இல்லை. வலி எடுத்தால் ரத்தம் கொட்டும். அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நகரத்துக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள். அரசாங்க வேலையை உதறிவிட்டுக் காட்டுக்கு வந்த நர்ஸின் மகள் என்று தெரிந்தால் சோதனைச் சாவடியிலேயே இறக்கிவிடுவார்கள்.

இங்கே கத்தி பிடிக்க நானும் நந்தாரும்தான். நந்தார் டாக்டர் படிப்பின் கடைசி வருஷத்தில் கல்லூரியை விட்டு வந்தவள். இந்த அறுவையில் பக்கத்தில் நின்றிருக்கிறாள், தனியாகச் செய்ததில்லை. வெளிநாட்டிலிருக்கும் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்: "நான் திரையில பாத்துக்கிட்டே சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் பண்ணிடலாம். நான் பாக்காம மட்டும் கத்திய வெக்காதீங்க."

பார்ப்பதற்கு இணையம் வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரித் தட்டு, பட்டாளத்து விமானம் வந்து குண்டு போட்ட அன்று பழைய வார்டோடு எரிந்துபோனது. தம்பி ஸார்னி யார் யாரையோ கெஞ்சி இன்னொன்று வாங்கி வந்தான். வானத்திலிருந்து நேராக இணையம் இழுக்கும் சின்னத் தட்டு. இந்தப் பக்கத்தில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். அதை இங்கே வைத்துக்கொள்ளாமல் உங்களுக்கு அனுப்புகிறேன். வழியில் அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்தால் டாக்டரைக் கூப்பிட உங்கள் கையில் எதுவும் இல்லையே.

ஓரிடத்தில் வைக்காதீர்கள். வைத்தால் ஊரே வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு பேசக் கூடிவிடும். கூட்டம் கூடின இடத்துக்கு விமானம் வரும். உங்கள் புரோபாக்ஸ் வண்டியின் கூரையில் பொருத்துங்கள். அடுத்த மாதம் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் அவளை இங்கே கொண்டுவந்து சேருங்கள்.

மூட்டை கட்டியிருக்கும் துணி என் பழைய தமேய்ன். இடுப்பில் கட்டிக் கட்டி நைந்தது. காய்ந்த வயல் நிறம். சிக்னலை மறிக்காது, சூட்டை அடைக்காது, சோதித்துப் பார்த்துவிட்டோம். வெள்ளைத் தட்டு வெயிலில் மேலேயிருந்து பளிச்சென்று தெரியும். அதனால் அந்தத் துணியைத் தட்டின் மேல் விரித்துக் கட்டுங்கள். இப்போது உங்கள் முகம் எப்படிக் கோணுகிறது என்று இங்கிருந்தே தெரிகிறது. கோணட்டும். கட்டுங்கள்.

தான் நூ


மார்ச் 6
ஞௌங்பின் கிராமம்

தான் நூ,

கடிதம் கிடைத்தது. உன் தம்பியும் கிடைத்தான். வந்ததிலிருந்து இருக்கிற பனைவெல்லத்தையெல்லாம் தின்றுகொண்டிருக்கிறான்.

ஸின் மே பற்றி நீ எழுதியதை அவளிடம் பாதிதான் சொன்னேன். மீதியை அவளே என் முகத்தில் படித்துவிட்டாள். "அம்மா அறுப்பாங்கன்னா பயமில்லப்பா" என்றாள். அவள் புருஷனிடமிருந்து இன்னும் ஒரு சேதியும் இல்லை. அந்தப் பேச்சை அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

தட்டைப் பொருத்திய கதையைக் கேள். தட்டு என்கிறாய், பார்த்தால் சதுரமாக இருக்கிறது. முதலில் முன் கண்ணாடிக்குக் கீழே வைத்தோம். டாக்டர் முகம் துண்டு துண்டாக வந்தது. தட்டுக்கு முழு வானமும் வேண்டுமாம். கூரையில் ஓட்டை போடலாம் என்றான் உன் தம்பி. போட்டால் உன் மண்டையில் போடுவேன் என்றேன். மேலே சாமான் கட்டுகிற கம்பிச் சட்டத்தில் மூங்கில் பட்டைகளைக் குறுக்கே வைத்து, பழைய மெத்தைப் பஞ்சை நடுவில் கொடுத்து, டிராக்டர் டியூபைக் கிழித்து இறுக்கினோம். வாசல் தாண்டுவதற்குள் தட்டு நழுவி முன் கண்ணாடியில் தொங்கியது. மறுபடி கட்டினோம். இப்போது மாட்டு வண்டித் தடத்தில் ஓட்டினாலும் அசைவதில்லை. வயரைப் பின் கதவு ரப்பருக்குள் செருகி, சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையிலிருந்து கரண்ட் கொடுத்திருக்கிறேன். இன்ஜின் ஓடினால்தான் தட்டு ஓடும். டாக்டர் தெளிவாகத் தெரிந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

தமேய்ன் மட்டும் முடியாது. என்னால் முடியாது. பெண்பிள்ளை இடுப்பில் கட்டியதற்கு அடியில் போனால் ஆணுடைய போன் போய்விடும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். பிறக்கும்போதே ஆணுக்குக் கிடைத்த மகிமை அது, போனால் வராது. நீ சிரிப்பாய். என்னை விடு, ஓடை மணலில் இந்த வண்டி புதையாமல் ஒருமுறையாவது கடந்திருக்கிறதா? தள்ள ஆண்கள் வேண்டும். தமேய்ன் பறக்கிற வண்டியில் எவன் தோள் கொடுப்பான்?

என் லுங்கி ஒன்றை மேலே கட்டியிருக்கிறேன். உன் துணியை மடித்து ஸின் மேயிடம் கொடுத்துவிட்டேன்.

நியோ தூன்


மார்ச் 9
காட்டு ஆஸ்பத்திரி

கோ நியோ தூன் அவர்களுக்கு,

உங்கள் லுங்கி எது என்று எனக்குத் தெரியாதா? பச்சைக் கட்டம் போட்ட தடித்த லுங்கி. இந்தக் காய்ந்த பூமியில் பச்சையாக ஒன்று ஓடினால் விமானக்காரனுக்குக் கண் இல்லையா? அந்தக் கனத்துக்குத் தட்டு சூடேறித் தானே அணைந்துவிடும். அணைந்ததா இல்லையா? ஸார்னி சொல்லி அனுப்பிவிட்டான், மறைக்காதீர்கள்.

போனாம் போன். ஆணுடைய மகிமையும் போன்தான், காதில் வைத்துப் பேசுகிற சனியனும் போன்தான். நம் பாஷையில் எழுதும்போதுதான் எழுத்து வேறு, வாயில் ஒரே சத்தம். நான் உங்களைக் கேட்கிறேன், எந்தப் போன் உங்களுக்குப் பெரிது? இருபத்தைந்து வருஷமாக உங்கள் துணியையும் என் துணியையும் தனித்தனிக் கொடியில் உலர்த்தினேன். ஒரு நாளாவது மாற்றிப் போட்டேனா? அப்படிக் காப்பாற்றிக் கொடுத்த போனை வைத்து என்ன கிழித்தீர்கள்? பட்டாளம் வந்து வீட்டை எரித்தபோது அது தடுத்ததா?

உங்கள் பர்ஸில் என்ன இருக்கிறது, சொல்லட்டுமா? உங்கள் அம்மா தமேய்னில் கிழித்த துண்டு. முதல்முறை லாரி ஓட்டப் போனபோது காவலாக இருக்கட்டும் என்று அவர் கொடுத்தது. இன்றுவரை அதைத் தொடாமல் நீங்கள் ஸ்டியரிங்கில் உட்காருவதில்லை. அம்மாவுடையது காக்கும், பெண்டாட்டியுடையது கெடுக்கும். இது எந்த ஊர் நியாயம்? ஸின் மேக்கு நான் அம்மா.

பிரசவ மேஜையில் தினம் இரண்டு பேராவது படுக்கிறார்கள். எத்தனையோ பெண்களின் ரத்தத்தில் கை நனைத்துவிட்டேன். இப்போது என் பெண்ணை நானே அறுக்க வேண்டும். உங்களைக் கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை. கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துணியைக் கட்டுங்கள். உடனே கிளம்புங்கள்.

தான் நூ


மார்ச் 17
ஞௌங்பின்

தான் நூ,

காலையில் ஸின் மேக்கு ரத்தம் பட்டது. கொஞ்சம்தான். வண்டியை வெளியில் நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டேன். படுக்க வைத்தே கொண்டுபோகச் சொன்னார். அதற்குள் லுங்கிச் சூட்டில் தட்டு அணைந்துவிட்டது. நீ சொன்னதுதான் நடந்தது, சந்தோஷப்பட்டுக்கொள்.

பின் சீட்டை மடக்கிப் படுக்கை போட்டேன். அவள் உன் துணியை எடுத்து நீட்டினாள். நான் வாங்காமல் நின்றேன். அவள் சொன்னாள்: "அப்பா, நான் பின்னாடிதானே படுத்திருக்கேன். அம்மா துணி எனக்கு மேல இருக்கு. உங்களுக்கு மேல இல்ல. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

இரண்டு பெண்களும் சேர்ந்து என்னை மடக்கிவிட்டீர்கள். நானே கூரையில் ஏறி என் கையால் விரித்துக் கட்டினேன். எதிர்வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டே போனான், போகட்டும். ஸின் மே படுத்தபடி சிரித்த சிரிப்பில், ரத்தம் போகும், சிரிக்காதே என்று அதட்ட வேண்டியிருந்தது.

நாளை விடிந்ததும் கிளம்புகிறோம். கோன்தா கிராமத்தில் ஓடை மணலைத் தாண்டிவிட்டால் பாதி வழி முடிந்த மாதிரி. வாக்கி டாக்கியைத் திறந்தே வைத்திரு. மலைமேல் இருக்கும் காவல் பையன்கள் வாங்கி உனக்குச் சொல்வார்கள். இந்தக் கடிதம் ஸார்னியின் பைக்கில் எனக்கு முன்னால் வந்துவிடும்.

பயமாக இருக்கிறது, தான் நூ. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நியோ தூன்


மார்ச் 19, காலை

நீங்கள் வண்டியோடு நிற்கும் இடத்திலிருந்து தூளி தூக்கிவந்தவர்களிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஸின் மே வந்து சேர்ந்தாள். கண் திறந்து என்னைப் பார்த்தாள். ரத்தம் நிற்கவில்லை.

தட்டு எங்கே? வண்டியிலேயே இருக்கிறதா? ஏன் இவர்களிடம் கொடுத்து அனுப்பவில்லை? உடனே அனுப்புங்கள். நந்தார் கை கழுவிக்கொண்டு நிற்கிறாள்.

தா. நூ


(அதே தாளின் பின்பக்கம்)

நீதானே விட்டுவிட்டு வரச் சொன்னாய்? கோன்தாவில் வைக்கோல் போரில் இருக்கிறது. வேறு தட்டு வந்துவிட்டதாக நினைத்தேன். இதோ திரும்புகிறேன். பார்க்காமல் கத்தி வைக்காதே. டாக்டர் சொன்னது நினைவிருக்கட்டும். நான் வரும்வரை வைக்காதே.

நியோ தூன்


மார்ச் 21
காட்டு ஆஸ்பத்திரி

கோ நியோ தூன் அவர்களுக்கு,

ஸார்னி உங்களிடம் சொல்லியிருப்பான். ஆனாலும் நான் எழுத வேண்டும்.

காத்திருந்தோம். நீங்கள் வரும் வழியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். அப்புறம் பாதையில் பட்டாளம் இறங்கிவிட்டது என்று சேதி வந்தது. ஸின் மேயின் உதடு வெளுத்துக்கொண்டே போயிற்று. "அம்மா, குளுருது" என்றாள். நாடி என் விரலுக்கு அடியில் நழுவியது. நந்தார் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். பார்க்காமல் வைத்தோம்.

குழந்தையை எடுத்துவிட்டோம். பெண். அழுதது. அந்தச் சத்தத்தை ஸின் மே கேட்டாள், அது மட்டும் நிச்சயம். அதன்பிறகு நஞ்சுக்கொடி வரவில்லை. கர்ப்பப்பையோடு ஒட்டிப்போயிருந்தது. எங்கே கட்ட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை, நந்தாருக்கும் தெரியவில்லை. டாக்டர் பார்த்திருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார். நான் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் போனதும் எனக்குத் தெரியவில்லை. நந்தார் என் கையைப் பிரித்து எடுத்தாள்.

இப்போது ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். முந்தாநாளுக்கு முந்திய நாள் மதியம் மலைமேல் பையன் வாக்கி டாக்கியில் சொன்னான்: "அக்கா, உங்க வீட்டுக்காரர் போன் போச்சுங்கறார். வண்டி மணல்ல நிக்குது, என்ன பண்ணன்னு கேக்கறார்." வண்டியைத் தள்ள ஆள் வரவில்லை, தமேய்னைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள், அந்தக் கோபத்தில் என் போன் போச்சு என்று நீங்கள் குதிக்கிறீர்கள் என்று நினைத்தேன். பெண் உயிருக்குப் போராடும்போது இந்த மனுஷன் மகிமையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. அதனால்தான் சொன்னேன், "போன விட்டுத் தள்ளச் சொல்லு, புள்ளயக் கொண்டுவரச் சொல்லு" என்று.

உங்கள் வறட்டுப் பெருமையை விடச் சொன்னேன். தட்டை விடச் சொல்லவில்லை. உங்களுக்கு உண்மையாகவே புரியவில்லையா? இல்லை, அந்தத் துணியைக் கழற்ற ஒரு சாக்கு கிடைத்தது என்று கழற்றினீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். பொய் சொன்னால் எழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

தான் நூ


மார்ச் 22
கோன்தா

தான் நூ,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

மணலில் சக்கரம் புதைந்தது. இன்ஜினை உறுமவிட்டு எடுக்கப் பார்த்தேன். சிகரெட் ஓட்டையின் பியூஸ் போய்விட்டது. தட்டு செத்தது. அப்போது டாக்டரோடு ஸின் மே பேசிக்கொண்டிருந்தாள், பாதியில் அறுந்தது. அதைத்தான் போன் போச்சு என்றேன். பேசுகிற போனை. என் மகிமை அப்போது எனக்கு நினைவிலேயே இல்லை. மேலே என்ன துணி இருக்கிறது என்றும் நினைவில்லை.

தள்ள யாரும் வரவில்லை என்பது உண்மை. கோன்தா ஆண்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். ஒருவன் சொன்னான், "அண்ணே, மொதல்ல அதக் கழட்டுங்க, அப்பறம் வரோம்." அந்த நேரத்தில்தான் மலைமேல் பையன் சொன்னான்: "அக்கா போன விட்டுட்டு புள்ளயக் கொண்டுவரச் சொல்றாங்க."

நீ சொன்னது என்று சொன்னான், தான் நூ. நீ சொன்னால் அங்கே வேறு தட்டு வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீ அப்படிச் சொல்லமாட்டாய் என்று நினைத்தேன். சாவடியில் தட்டோடு பிடித்தால் நானும் அவளும் வயிற்றுப் பிள்ளையும் தொலைந்தோம், அதற்காகத்தான் நீ யோசித்துச் சொல்கிறாய் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். கழற்றித் துணியிலேயே சுற்றி வைக்கோலில் வைத்தேன். ஆண்கள் வந்து தள்ளினார்கள். வண்டி ஏறிவிட்டது. சரியாகச் செய்தோம் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். உன் மேல் மரியாதைகூட வந்தது.

கலியாணமான நாளிலிருந்து நீ சொன்ன எதையாவது நான் மறுபேச்சு இல்லாமல் கேட்டிருக்கிறேனா? காட்டுக்குப் போகிறேன் என்றாய், போனால் இந்த வாசல் மிதிக்காதே என்றேன். துணியைக் கட்டு என்றாய், லுங்கியைக் கட்டினேன். இந்த ஒரே ஒருமுறைதான் ஏன் என்றுகூடக் கேட்காமல் நீ சொன்னபடி செய்தேன்.

கேட்டிருக்கலாம். எப்போதும்போல உன்னோடு சண்டை போட்டிருக்கலாம்.

திரும்பி வரும்போது பட்டாளம் பாதையில் இருந்தது. புளியந்தோப்பில் வண்டியை ஒளித்துவிட்டுக் கிடந்தேன். தட்டு எட்டிப் பிடிக்கிற தூரத்தில், போக வழியில்லை. அங்கேதான் ஸார்னி வந்து சொன்னான். நான் அழவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

பட்டாளம் நேற்றே போய்விட்டது. பியூஸ் மாற்றி, தட்டை மறுபடி கூரையில் கட்டிவிட்டேன். மேலே உன் துணிதான். கழற்றச் சொன்னவனே வந்து முடிச்சுப் போட்டான். ஆனால் வண்டி நகரவில்லை. பாதை திறந்திருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, எனக்குத்தான் உன் முன்னால் நிற்கக் கால் வரவில்லை. தட்டை ஸார்னியிடம் பைக்கில் அனுப்பிவிடுகிறேன். நான் வரவில்லை. நான் வந்து என்ன சொல்வேன்?

நியோ தூன்


மார்ச் 23
காட்டு ஆஸ்பத்திரி

கோ நியோ தூன் அவர்களுக்கு,

படித்தேன். நம்புகிறேன். நம்புவதால் எதுவும் லேசாகிவிடவில்லை. பொய் சொல்லியிருந்தால் உங்கள் மேல் போட்டுவிட்டு நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன். இப்போது அதுவும் இல்லை. என் வாயிலிருந்து வந்த சொல் அது. கோபத்தில், கேட்கிறவர்கள் சிரிக்கட்டும் என்றே சொன்னேன். மலைமேல் பையனும் சிரித்தான்.

உங்களை மன்னிக்கிறேனா என்று தெரியவில்லை. என்னை மன்னிக்கிறேனா என்பதும் தெரியவில்லை. அதற்கெல்லாம் இப்போது நேரம் இல்லை. குழந்தைக்கு நேற்றிலிருந்து மூச்சு இழுக்கிறது. உடம்பு மஞ்சளாகிறது. இங்கே பிரசவித்த ஒருத்தி பால் கொடுக்கிறாள், குழந்தை இரண்டு முறை சப்பிவிட்டு விட்டுவிடுகிறது. நந்தார் புத்தகத்தைப் புரட்டுகிறாள். டாக்டர் இதைப் பார்க்க வேண்டும்.

பைக்கில் அனுப்பாதீர்கள். பைக்கில் தட்டு ஓடாது. அவர் பார்க்கிற நேரம் முழுதும் இன்ஜின் ஓட வேண்டும், இங்கே மண்ணெண்ணெய்கூட மிச்சமில்லை. இங்கே மரங்கள் வானத்தை மறைக்கின்றன, வண்டியை வெட்டவெளியில்தான் நிறுத்த வேண்டும். விமானம் வந்தால் தெரிகிற வெட்டவெளியில் யார் உட்காருவது என்று யாரையும் கேட்கப் பிடிக்கவில்லை.

ஸின் மே போன ஏழாம் நாள் நெருங்குகிறது. அதுவரை அவள் ஆவி இங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும். பிக்குகளுக்குச் சோறிடும்போது அப்பன் இல்லாமல் எப்படி வழியனுப்புவேன்? நேற்று அவள் படுக்கைப் பக்கம் "அப்பா வந்துட்டிருக்காரு" என்று சும்மா சொல்லிவைத்தேன்.

இதை நான் வாக்கி டாக்கியில் சொல்லவில்லை. யாரும் மாற்றிச் சொல்ல முடியாதபடி எழுதி அனுப்புகிறேன். தட்டைக் கூரையிலேயே வைத்துக்கொண்டு நீங்கள் வாருங்கள். ஓடை மணலில் இறங்கும் முன் டயர் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தான் நூ